பழனிப் பாதயாத்திரைக்குப் படுக்கை கட்டுவது எப்படி?

முதல் முறை பழனிக்கு நடந்தபோது என் கவனம் முழுவதும் காலில்தான் இருந்தது. எந்தச் செருப்பு, எந்தத் தைலம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு மாதம் விசாரித்தேன். படுக்கையைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் கிடந்த கனத்த ஜமக்காளம், தலையணை, போர்வை மூன்றையும் கயிறு போட்டுக் கட்டிக் குழுவின் சாமான் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

இரண்டாம் நாள் இரவு நத்தத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. வண்டி வரவில்லை. வழியில் டயர் பஞ்சர் என்று பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. வியர்வையில் ஊறிய துண்டை விரித்துச் சிமெண்ட் தரையில் படுத்தேன். ஒன்றரை மணிக்குப் பல் தந்தியடிக்க எழுந்து உட்கார்ந்தவன், மூன்று மணிக்கு ‘அரோகரா’ சத்தம் கேட்கும்வரை சுவரில் சாய்ந்தே இருந்தேன். மறுநாள் நடந்துகொண்டே தூங்கி, சாலையோரப் பள்ளத்தில் கால் வைத்துக் கணுக்கால் பிசகியது. மீதித் தூரம் முழுவதையும் நொண்டித்தான் முடித்தேன். கொப்புளத்தைப் போலவே தூக்கம் கெடுவதும் ஆளைத் திருப்பி அனுப்பிவிடும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதன்பின் நான்கு முறை நடந்துவிட்டேன். இங்கே எழுதுவது தைப்பூசத்துக்குக் காரைக்குடி, குன்றக்குடிப் பக்கமிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக நடக்கிறவர்களுக்கு. 150 கிலோமீட்டருக்கு மேல். குழுவைப் பொறுத்து ஐந்து நாளோ ஏழு நாளோ ஆகும். வேறு திசையிலிருந்து வருகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. கடைக்குப் போவதற்கு முன் குருசாமியிடம் போங்கள்

படுக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதை உங்கள் குழு நடக்கும் நேரம்தான் தீர்மானிக்கும். பெரும்பாலான குழுக்கள் அதிகாலை இரண்டு மூன்று மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறும்வரை நடந்து, மதியம் சாப்பிட்டுப் படுத்து, நான்கு மணிக்கு மறுபடி கிளம்பி, இரவு ஒன்பது பத்து மணிவரை நடக்கும். அதாவது தூக்கம் இரண்டு துண்டு. மதியம் மூன்று மணி நேரம், இரவு நான்கு மணி நேரம். மதியத்தில் ஈயும் அனலும் தொல்லை. இரவில் பனியும் தரைக்குளிரும் கொசுவும் தொல்லை. இரண்டுக்கும் ஒரே மூட்டை ஈடுகொடுக்க வேண்டும்.

குருசாமியிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இரவுத் தங்கல்களில் எத்தனை கூரையின் கீழ், எத்தனை வெட்டவெளியில்? சாமான் வண்டி நமக்கு முன்னால் போகுமா, பின்னால் வருமா? பொதுவாக விரிக்கக் குழுவே தார்ப்பாய் கொண்டுவருகிறதா? விரதத்தில் இருப்பவர்கள் மெத்தை, தலையணை உபயோகிக்கலாமா? கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். சில குழுக்களில் மாலை போட்ட நாளிலிருந்து வெறும் பாய்தான், தலைக்குத் துண்டுதான். அங்கே போய் நுரைப்பாயை விரித்தால் யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள், பார்வையே போதும்.

தேதியையும் பாருங்கள். தைப்பூசம் 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. ஜனவரியில் வருகிற ஆண்டில் பனி கடுமை. திண்டுக்கல் பக்கம் விடியலில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் வந்தால் போர்வையில் ஒன்றைக் குறைக்கலாம்.

2. கீழே விரிப்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாரும் போர்வையைத்தான் முதலில் வாங்குகிறார்கள். நானும் இரண்டாம் ஆண்டு இரண்டு கனத்த போர்வைகளோடு போனேன். அப்படியும் குளிர்ந்தது. பக்கத்தில் எழுபது வயது தாண்டிய ஓர் ஆச்சி படுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். “போர்வை பற்றவில்லை ஆச்சி” என்றேன்.

“போர்வை கிடக்கட்டும் தம்பி. கீழே என்ன விரித்திருக்கிறீர்கள்?”

ஒரு பிளாஸ்டிக் பாய். அவர் அதன் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். பிறகு தன் மூட்டையைப் பிரித்தார். முதலில் பிரித்துத் தைத்த அரிசிச் சாக்கு ஒன்றைத் தரையில் போட்டு நான்கு மூலையையும் காலால் நீவினார். அதன் மேல் கோரைப்பாய். அதன் மேல், துவைத்துத் துவைத்து நூலாகிப்போன நூல்சேலை ஒன்றை நான்காக மடித்து, முதுகு படும் இடத்தில் மட்டும் விரித்தார். மேலே போர்த்திக்கொள்ள அவரிடம் இருந்தது ஒரே ஒரு சால்வை. ஐந்து நிமிடத்தில் குறட்டை கேட்டது.

விஷயம் எளியது. போர்வை சூட்டைத் தருவதில்லை; அதில் அடைபட்ட காற்று நம் உடல் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கிறது. உடம்புக்கு அடியில் இருக்கும் துணி நம் எடையில் நசுங்கிக் காற்றை இழந்துவிடுகிறது. அங்கே தரை, குறிப்பாகச் சிமெண்ட் தரை, இரவு முழுக்கச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே நசுங்காத ஏதோ ஒன்று கீழே வேண்டும்.

கடையில் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். பவானி ஜமக்காளம் அருமையான பொருள், கல்யாண வீட்டுக்கு. ஒருமுறை பனியில் நனைந்தால் ஒரு பகல் முழுக்கக் காய வேண்டும். நமக்கு அந்தப் பகல் கிடையாது. கோரைப்பாய் மதியத் தூக்கத்துக்குச் சுகம், இரவுக்குத் தனியாகப் போதாது. மடித்தால் உடையும், சுருட்டினால் தோளுக்கு மேல் நீட்டிக்கொண்டு பின்னால் வருகிறவர் முகத்தில் இடிக்கும். பிளாஸ்டிக் பாய் ஈரத்தைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. காற்றடைத்து விரிக்கும் மெத்தையைச் சென்னையிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்தார். கருவேல முள் முதல் இரவே அதன் கதையை முடித்தது.

நான் இப்போது கொண்டுபோவது யோகா பாய் என்று விற்கும் நுரைப்பாய். 6 மில்லிமீட்டர் கனம் போதும். வாங்கும்போது ஒரு சோதனை: ஓரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் வாங்குங்கள். உள்ளே இறங்கினால் அது பஞ்சுபோன்ற நுரை, பனியைக் குடித்துக் கனத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலால் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். தோள் முதல் முழங்கால்வரைதான் எடை தரையில் அழுந்துகிறது. கால் பகுதிக்கு நீங்கள் சுமந்துவந்த பையே போதும். நுரைப்பாய்க்கு அடியில் ஆறடிக்கு மூன்றடி தார்ப்பாய்த் துண்டு ஒன்று. மெத்தை கூடாது என்கிற குழுவாக இருந்தால் ஆச்சியின் சாக்கும் கோரைப்பாயும் நூல்சேலையும்தான் வழி. கோரைப்பாய்க்குத் தடை சொன்ன குருசாமியை நான் பார்த்ததில்லை.

3. மேலே போர்த்துவது

சென்னிமலைப் போர்வையோ சோலாப்பூர் போர்வையோ வீட்டில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். சூட்டில் குறையில்லை. ஆனால் பருத்தி பனியை இழுத்துக்கொள்ளும். காலையில் ஈரத்தோடு மடித்தால் மறுநாள் இரவு நாற்றத்தோடு விரியும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், ஆனால் கனம், பலருக்கு அரிக்கும். மெல்லிய பிளீஸ் போர்வை (பஞ்சுபோன்ற செயற்கை நூல் போர்வை) எடை குறைவு, உதறினால் பாதி ஈரம் போய்விடும், மதியத் தங்கலில் கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். தீக்கு மட்டும் ஆகாது; ஒரு பொறி பட்டாலும் உருகும்.

போர்வையோடு எட்டு முழ வேட்டி ஒன்று. பழைய, மெத்தென்ற வேட்டியின் நீளத்தைப் பாதியாக மடித்து இரண்டு பக்கமும் தைக்கச் சொன்னால் ஆள் நுழையும் பை ஒன்று கிடைக்கும். தையற்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், தைத்துக்கொடுத்தார். இரவில் இதற்குள் நுழைந்து மேலே போர்வை போட்டால் உருண்டு புரண்டாலும் முதுகு வெளியே வராது. மதியத்தில் போர்வை இல்லாமல் இது மட்டும் போதும். ஈ உள்ளே வராது.

இமயமலைக்குப் போகிறவர்கள் வாங்கும் ஸ்லீப்பிங் பேக் இந்தப் பாதைக்கு வேண்டாம். பதினொரு மணிக்கு வியர்த்து ஜிப்பைத் திறப்பீர்கள், மூன்று மணிக்கு வெடவெடத்து மூடப் பார்ப்பீர்கள், அப்போது கிளம்பச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு தவறு: பனி படாமல் இருக்கப் போர்வைக்கு மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொள்வது. வெளிப்பனி வராது. உங்கள் உடம்பிலிருந்து வருகிற ஆவி அதன் உள்பக்கம் நீராகி, விடியும்போது போர்வை நனைந்திருக்கும். பனிக்குச் சரியான மருந்து கூரை. கூரை கிடைக்காவிட்டால் மரத்தடி. தெளிந்த வானம் நேரே தலைக்கு மேல் தெரிகிற இடத்தில்தான் பனி அதிகம் இறங்கும்; ஒரு மாமரம் இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியும்.

4. கொசுவும் மற்றவையும்

கொசுவர்த்திச் சுருளைத் திறந்தவெளியில் ஏற்றிப் பயனில்லை. காற்று புகையைக் கொண்டுபோகும், கொசு உங்களிடமே இருக்கும். நூறு பேர் நெருக்கிப் படுக்கும் இடத்தில், சுற்றிலும் பிளீஸ் போர்வையும் நுரைப்பாயும் கிடக்க, நெருப்பு வைப்பதும் புத்திசாலித்தனமில்லை. கொசுக்களிம்பு இரண்டு டியூப் வாங்கிக்கொள்ளுங்கள். கணுக்கால், காது, கழுத்து. கொப்புளம் உடைந்த இடத்தில் தடவாதீர்கள். நான் தடவிப் பார்த்தேன்.

குடைபோல விரியும் கொசுவலை கூட்டத்தில் சரிப்படாது, இரவில் யாராவது தடுக்கி மேலே விழுவார்கள். நான்கு மூலையிலும் கயிறு கட்டும் ஒற்றை ஆள் வலையை வாங்குங்கள். தாழ்வாரத் தூணிலோ ஜன்னல் கம்பியிலோ இரண்டு மூலையைக் கட்டினாலும் தலைப்பக்கத்தைக் காப்பாற்றிவிடலாம். கீழ் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள்.

செருகச் சொல்வது கொசுவுக்காக மட்டும் இல்லை. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்தில் கடிப்பது அதன் வழக்கம். கடித்த இடம் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. விடியற்காலையில் ஒருவருக்குக் காரணமில்லாமல் கடும் வயிற்றுவலி, இமை கீழே விழுவது, விழுங்க முடியாமை இருந்தால் ‘நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள், அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். வைக்கோல் போர் ஓரத்திலும் செங்கல், விறகு அடுக்கியிருக்கும் இடத்திலும் படுக்காதீர்கள். விரிக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். எழுந்ததும் போர்வையையும் செருப்பையும் உதறுங்கள்.

5. தலையும் பாதமும்

மங்கிக் குல்லா ஒன்று கட்டாயம். பழனிக்குப் போய் முடி காணிக்கை கொடுத்துவிட்டு அன்று இரவு மொட்டைத் தலையோடு மண்டபத்தில் படுத்துப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

படுக்கும்போது மட்டும் போட ஒரு ஜோடி தளர்ந்த பருத்திக் காலுறை, நடக்கும் காலுறையோடு கலக்காமல். பாதத்தைக் கழுவி, விரலிடுக்கு காயும்வரை காத்திருந்து பிறகு போடுங்கள். வெறுங்காலோடு நடக்கும் நேர்த்திக்கடன் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும், நேர்த்தி நடைக்குத்தான். பையைக் கணுக்காலுக்கு அடியில் வைத்துக் காலைச் சற்று உயர்த்திப் படுத்தால் காலையில் வீக்கம் குறைந்திருக்கும். தலையணை கொண்டுபோக வேண்டாம். மாற்று உடையைத் துண்டில் சுற்றினால் தலையணை.

6. இரண்டாகப் பிரித்துக் கட்டுங்கள்

இதுதான் நான் அதிகம் அடிபட்டுக் கற்றது. படுக்கை மொத்தத்தையும் வண்டியில் போடாதீர்கள். வண்டி பஞ்சராகும், நெரிசலில் மாட்டும், ஓட்டுநர் தூங்கிப்போவார், உங்கள் மூட்டை இருநூறு மூட்டைகளுக்கு அடியில் இருக்கும். வண்டி வராவிட்டாலும் ஓர் இரவைக் கடத்த முடிகிற அளவு உங்கள் தோளில் இருக்க வேண்டும்.

என் கணக்கு இப்படி: வெட்டிய நுரைப்பாய் 400 கிராம், தார்ப்பாய் 250, வேட்டிப் பை 350, குல்லாவும் காலுறையும் 100. இவை தோளில், மொத்தம் 1,100 கிராம். போர்வை 700, கொசுவலை 300, இவை வண்டியில். மளிகைக் கடைத் தராசில் வைத்துத்தான் எடை பார்த்தேன். தோள் சுமை தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து மூன்று கிலோவைத் தாண்டினால் எதையாவது எடுத்து வெளியே வையுங்கள்.

வண்டியில் போகும் மூட்டையை வெள்ளை உரச்சாக்கில் கட்டாதீர்கள். எல்லாருடையதும் வெள்ளை உரச்சாக்குதான். அடர்ந்த நிறத்துணியில் கட்டி, பெயரையும் செல்போன் எண்ணையும் மார்க்கரால் எழுதி, அடையாளத்துக்குச் சிவப்பு ரிப்பன் ஒன்று முடிந்துவிடுங்கள். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் தேடுகிறபோது அந்த ரிப்பன் அரைமணி நேரத் தூக்கத்தை மிச்சம் பிடிக்கும்.

7. மொட்டைமாடியில் ஒத்திகை

மார்கழியிலேயே எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். தைப் பிறந்ததும் கடைகளில் மஞ்சள், பச்சை வேட்டிகளோடு போர்வை விலையும் ஏறும். வாங்கியதும் இரண்டு இரவு மொட்டைமாடியில் படுத்துப் பாருங்கள். ஒரு நாள் வழக்கமான நேரத்தில். இன்னொரு நாள் மாலையில் பத்துக் கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்து, குளிக்காமல், பதினொரு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, விளக்கில்லாமல் ஐந்து நிமிடத்தில் படுக்கையைச் சுருட்டிக் கட்டுங்கள். முதல் தடவை எனக்குப் பதினேழு நிமிடம் ஆனது. வீட்டில் சிரித்தார்கள்.

8. செலவு

கடைசியாக நான் புதிதாக வாங்கியபோது ஆனது: தார்ப்பாய்த் துண்டு 120 ரூபாய், நுரைப்பாய் 350, பிளீஸ் போர்வை 380, வேட்டி தைத்த கூலி 50, குல்லா 90, காலுறை 60, கொசுவலை 250, களிம்பு இரண்டு டியூப் 130, கயிறும் கட்டுத்துணியும் 70. ஆக 1,500 ரூபாய். ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும் குறையும். ஈரோட்டுப் பக்கம் ஆள் இருந்தால் திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் நடக்கும் ஜவுளிச் சந்தையில் போர்வை மலிவாகக் கிடைக்கும். ஆச்சியின் முறைப்படி போனால் வீட்டுச் சாமானே போதும், கொசுவலையும் களிம்பும்தான் செலவு. போர்வையில் மிச்சம் பிடிக்கலாம், நுரைப்பாயில் பிடிக்காதீர்கள்.

9. தூங்கும்போது பணமும் காகிதமும்

நடப்பதற்கென்று உங்களிடம் யாரும் அனுமதிச்சீட்டு கேட்கமாட்டார்கள். ஆனால் பழனியில் விடுதி அறை எடுக்க ஆதார் கேட்பார்கள். அசல் ஒன்று, நகல் இரண்டு. நகலின் பின்பக்கம் இரத்தவகை, வீட்டுத் தொலைபேசி எண், தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் எழுதி வையுங்கள். அசலையும் பணத்தையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, படுக்கும்போது வேட்டிப் பைக்குள் வயிற்றோடு வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கடியில் வைப்பது எல்லாரும் செய்வது. திருடுகிறவர்களுக்கும் அது தெரியும். செல்போனைச் சுவர் ஓரம் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கியவர்கள் ஒவ்வோர் ஆண்டும் காலையில் வெறும் ஒயரைப் பார்க்கிறார்கள். பவர் பேங்க் ஒன்று கூடவே இருக்கட்டும்.

10. எங்கே விரிப்பது

இரவு பத்து மணிக்குத் தார்ச்சாலையின் ஓரத்தில் கை வைத்துப் பாருங்கள். பகல் வெயிலின் சூடு இன்னும் இருக்கும். களைத்துவந்த உடம்புக்கு அந்தக் கதகதப்பு அப்படி இழுக்கும். நானே ஒருமுறை உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த பெரியவர் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு அருகில், நின்றிருக்கும் லாரிக்கு முன்னாலோ பின்னாலோ அடியிலோ, பெட்ரோல் பங்கின் வண்டி திரும்பும் இடத்தில் ஒருபோதும் படுக்காதீர்கள். ஓட்டுநர் இருட்டில் வண்டியை எடுக்கும்போது கீழே பார்க்கமாட்டார்.

மண்டபமானால் வாசலையும் கழிப்பறைப் பாதையையும் விட்டு உள்சுவர்ப் பக்கம் இடம் பிடியுங்கள். பெண்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து, வயதானவர்களை ஓரத்திலும் பிள்ளைகளை நடுவிலுமாகப் படுப்பது வழக்கம். புதிதாக வருகிறவர்கள் தயங்காமல் அந்த வரிசையில் கேட்டுச் சேர்ந்துகொள்ளலாம். தென்னந்தோப்பில் தங்கினால் அண்ணாந்து பார்த்துவிட்டு விரியுங்கள். காய் விழும், மட்டை விழும்.

11. பழனியில் கடைசி இரவு

ஆயக்குடி தாண்டியதும் மலை விளக்கு தெரிந்தவுடன் வந்துவிட்டோம் என்று படுக்கையைக் கண்டபடி திணிக்கிறார்கள். பூசத்தையொட்டி அடிவாரத்தில் அறை கிடைப்பது அரிது. அறை வேண்டுமென்றால் மார்கழியிலேயே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சமூக மடத்திலோ குழுவின் மண்டபத்திலோ இன்னோர் இரவு தரையில்தான். ஆகவே கடைசி நாள் மதியம் படுக்கையைக் கட்டாயம் வெயிலில் காயவையுங்கள்.

மூட்டையோடு 693 படி ஏற வேண்டாம். குழுவில் இருவரை முறைவைத்துக் காவலுக்கு விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே போய்வாருங்கள். மலைக்கோயிலுக்குள் செல்போனுக்கும் அனுமதி இல்லை, அதையும் அவர்களிடமே கொடுத்துவிடலாம். திரும்பும் பஸ்ஸில் மேலே வைக்க இடம் இருக்காது. போர்வையை வேட்டிப் பைக்குள் திணித்து வாயைக் கட்டி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல்வரை முன்சீட்டில் தலை இடிக்காமல் தூங்கலாம்.